ஒரு விரலுக்குச் சுற்றிய ரோதை

மச்சான் சுட்டுவிரலை மட்டும்தான் வைத்தார். மஸ்கெலியாவுக்கு மேலே, மூடிப் பல வருடமான ஒரு ஸ்டோர் அது. தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். கூரைத் தகரம் பாதி பறந்துபோய் உள்ளேயே பனி குடியிருந்தது. பின்பக்கத்து மரவேலைப் பட்டறையில், என்னைவிட உயரமாக, மேலொன்று கீழொன்றாக இரண்டு பெரிய இரும்புச் சக்கரங்களைத் தாங்கிக்கொண்டு அந்தப் பட்டைவாள் மெசின் நின்றது. இரண்டு சக்கரங்களையும் சுற்றி நாடா மாதிரி ஒரு வாள் ஓடும், அதில் மரத்தைக் கொடுத்து அறுக்க வேண்டும். வாள் எப்போதோ போய்விட்டது. துருவேறி இறுகியிருக்கும், எண்ணெய் விட்டு ஒரு வாரம் ஊறப்போட வேண்டும், சூடு காட்ட வேண்டும் என்று நான் படித்த வாயால் அளந்துகொண்டிருந்தேன். அவர் அதைக் காதிலேயே வாங்காமல் மேல்சக்கரத்தின் ஆரக்கால் ஒன்றில் ஒரு விரலை வைத்துத் தள்ளினார். சுற்றியது. சத்தமே இல்லை. நான் பேச்சை நிறுத்திய பிறகும், இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்த பிறகும், அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. மச்சான் விரலைத் திருப்பிப் பார்த்தார். நுனியில் சிவப்பு. துரு என்று நினைத்து முகர்ந்தார். குங்குமம்.

மச்சான் என் அத்தை மகன். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். ஹட்டனில் ஒரு பழைய இரும்பு வியாபாரியிடம் லொறி ஓட்டினார், தேவைப்பட்டால் கேஸ் கட்டரும் பிடிப்பார். தோட்டங்களில் ஸ்டோர்கள் ஒவ்வொன்றாக மூடப்பட, உள்ளே இருந்ததையெல்லாம் முதலாளி விலைபேசி எடுப்பார். மச்சான் போய் வெட்டி ஏற்றிவருவார். எனக்கோ அந்தக் காலத்தில் பைத்தியம் பிடித்திருந்தது. கண்டியில் தொழில்நுட்ப டிப்ளோமா படிக்கப் போன இடத்தில், பழைய மரவேலை மெசின்களைத் தோண்டியெடுத்துப் புதுப்பிக்கும் வெள்ளைக்காரர்களின் வீடியோக்களை விடிய விடியப் பார்த்தேன். அவர்கள் தேடி அலைகிற அதே பெயர்கள் வார்ப்பில் பொறித்த மெசின்கள் எங்கள் மலைகளில் கோழி அடையக் கிடக்கின்றன என்பது ஒருநாள் திடீரென்று உறைத்தது. தேயிலைப் பெட்டிக்குச் சட்டம் அறுக்கவும், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குக் கதவு ஜன்னல் செய்யவும், துரை பங்களாவுக்கு மேசை கடையவும் தோட்டத்துக்குத் தோட்டம் பட்டறை வைத்திருந்தார்கள் அல்லவா? அவையெல்லாம் எங்கே போயின என்று கேட்டபோது மச்சான் சிரித்தார். பாதியைத் தானே வெட்டியதாகச் சொன்னார்.

அன்றிலிருந்து, எங்காவது வெட்டப் போவதற்கு முன்னால் எனக்கு ஃபோன் வரும். "மாப்ள, ஒன் பொண்டாட்டி ஒருத்தி நுவரெலியாப் பக்கம் ஒரு ஸ்டோர்ல ஒக்காந்து அழுவுறா. வந்து கூட்டிட்டுப் போறியா, நான் தாலி அறுக்கவா?" நான் வகுப்பைப் போட்டுவிட்டு பஸ் ஏறுவேன். வார்ப்பிரும்புக்குச் சந்தையில் பெரிய மதிப்பில்லை என்பதால் முதலாளி அந்த மெசின்களை மச்சானுக்கு விட்டுக்கொடுத்துவிடுவார். இழைப்பு மெசினை அப்படித்தான் எடுத்தோம். கடைசல் மெசின் கிடைத்தது நல்லதண்ணியில். சிவனொளிபாதமலை யாத்திரை சீசனுக்குப் போட்ட ஒரு கடையில், நீளமான இரும்பு மேடை ஒன்றின் மேல் அடுப்பு வைத்து வடை சுட்டுக்கொண்டிருந்தார்கள். எண்ணெய்ப் பிசுக்குக்கு அடியில் இரண்டு தண்டவாளம் போல மட்டமான பளபளப்பு தெரிந்தது. நான் தரையில் குந்தி அதன் வயிற்றைத் தடவிக்கொண்டிருக்க, கடைக்காரர் சிங்களத்தில் மச்சானிடம், தம்பிக்கு உடம்புக்கு என்ன என்று கேட்டார். மலையேறி இறங்கியதில் மூளை கலங்கிவிட்டது என்று மச்சான் அதே பாஷையில் விளக்கம் கொடுத்து, புது மேசை ஒன்று அடித்துத் தருவதாகப் பேசி அதை வாங்கிவிட்டார்.

நாங்கள் சேர்ந்து தேடினோமே தவிர, தேடியது ஒன்றையல்ல. எனக்கு அவற்றைக் காப்பாற்றி நிறுத்திவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தால் போதும். அவருக்கு அவை ஓட வேண்டும். இரும்பு வெட்டும் வேலையை விட்டுவிட்டு, சொந்தமாக ஒரு மரப்பட்டறை போடுவது அவருடைய ஒரே எண்ணம். புது மெசின் வாங்க இந்தப் பிறவியில் முடியாது. பழசுதான் வழி. இழைக்க ஒன்று, கடைய ஒன்று வந்துவிட்டன, அறுக்க ஒன்று கிடைத்தால் பட்டறை. நான் ஒரு மெசினின் அழகைப் பற்றி ஆரம்பித்தால் அவர் எரிச்சலோடு ஒரே வசனத்தில் முடித்துவிடுவார்: "ஓடாத மெசின் பொணம் மாப்ள. பொணத்த என்னா அழகு பாக்குறது?"

பட்டறை போட இடம் வேண்டும். அதைத்தான் நாங்கள் பெரிதாக யோசிக்கவில்லை, அல்லது எங்கள் ஆட்கள் எல்லோரையும் போல வரும் வரும் என்று யோசித்தோம். நாங்கள் குடியிருக்கும் லயத்துக் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம், முன்னாலுள்ள முற்றம் தோட்டத்துக்குச் சொந்தம், நாலு தலைமுறை புதைந்து கிடக்கும் மண்ணும் தோட்டத்துக்குத்தான் சொந்தம். ஆனால் அந்த வருடம் வீட்டுக்காணி கொடுக்கப்போகிறார்கள் என்று வந்து அளந்துவிட்டுப் போயிருந்தார்கள். மச்சானுடைய துண்டுக்கு நாலு மூலையிலும் முளையடித்திருந்தது. அந்தச் சரிவில் நின்று எங்கே வாசல், எங்கே மெசின் என்று காலால் கோடு கிழித்துக் காட்டுவார். அதுவரைக்கும் மெசின்கள் லயத்துக் கோடியில், அத்தையின் மரக்கறிப் பாத்தியில், படங்கு போர்த்திக் கிடந்தன. லீக்ஸ் நட்டிருந்த இடம். அத்தை நாளைக்கு ஒருதரம் அந்தப் படங்கைப் பார்த்து, இரும்பை அவித்துத் தின்னப் போகிறீர்களா, பொரித்துத் தின்னப் போகிறீர்களா என்று கேட்காமல் இருக்கமாட்டார்.

அந்த நிலையில்தான் மஸ்கெலியா ஸ்டோரில் அந்த விரல் குங்குமம். யார் வைத்தது என்று அன்றைக்குத் தெரியவில்லை. மறுவாரம் லொறியோடு போனபோது தெரிந்தது. மேட்டு லயத்திலிருந்து பெண்கள் கொழுந்துக் கூடையும் இடுப்பில் கட்டிய படங்குமாக இறங்கிவந்து வாசலை மறித்து நின்றார்கள். முன்னால் நின்ற அக்காவுக்கு ஐம்பது வயது இருக்கும். அவர்தான் வெள்ளிதோறும் அதற்கு விளக்கேற்றுகிறவர்.

ஒவ்வொரு ஸ்டோரிலும் ரோதமுனி உண்டு. ரோதை என்றால் சக்கரம். ஸ்டோரில் சுற்றுகிற சக்கரங்களையெல்லாம் சுற்றவைப்பவரும், கையைக் காலைக் கொடுத்துவிடாமல் ஆட்களைக் காப்பவரும் அந்த முனிதான். இயந்திரங்களைக் கழற்றி விற்றபோது முனி என்ன ஆனார் என்று எந்தக் கந்தோரிலும் எந்த அதிகாரியும் கேட்டிருக்கமாட்டார். லயத்து ஆட்கள் கேட்டிருக்கிறார்கள். பெரிய ரோதைகள் எல்லாம் லொறியேறிப் போன பிறகு, மிச்சமாய் நின்றது பட்டறையிலிருந்த இந்தப் பட்டைவாளின் சக்கரம் ஒன்றுதான். வேறு போக்கிடம் இல்லாத சாமி அதில்தான் வந்து இருக்க வேண்டும் என்று அவர்களாகவே முடிவுசெய்து, பொட்டு வைத்து, வாரா வாரம் எண்ணெய்க் காப்புச் சாத்தி வந்திருக்கிறார்கள். சக்கரத்தின் நடுக்குடத்தில் ஊற்றிய நல்லெண்ணெய் அச்சுக்குள் இறங்கி இறங்கித்தான் அது ஒரு விரலுக்குச் சுற்றியது. நான் பார்த்த அத்தனை வெள்ளைக்காரர்களும் அப்படியொரு பராமரிப்பைக் கண்டிருக்கமாட்டார்கள்.

முதலாளி வாங்கியதற்கான கடதாசி எங்களிடம் இருந்தது. மச்சான் அதை எடுக்கவே இல்லை. செருப்பைக் கழற்றி ஓரமாய் வைத்துவிட்டு, தான் யார், எந்தத் தோட்டம், எதற்குக் கேட்கிறோம் என்று எல்லாவற்றையும் சொன்னார். வெட்டமாட்டேன், ஓடவைப்பேன் என்றார். அந்த அக்கா சக்கரத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "எங்கள கேட்டு என்னா? சாமிகிட்ட கேளுங்க" என்றார்.

பூக்கட்டிப் பார்த்தார்கள். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, தனித்தனியாக இலையில் மடித்துச் சக்கரத்துக்குக் கீழே போட்டு, ஒரு சின்னப் பிள்ளையை விட்டு எடுக்கச் சொன்னார்கள். வெள்ளை வந்தால் சம்மதம். மச்சான் கண்ணை மூடிக்கொண்டு நின்றதை நான் அன்றுதான் முதலில் பார்த்தேன். கோயில் பக்கம் தலைவைத்துப் படுக்காத மனுசன். வெள்ளை வந்தது. அந்த அக்கா அழவில்லை. விளக்கைத் துடைத்து மச்சான் கையில் கொடுத்தார்.

"கொண்டு போங்க தம்பி. ஆனா வெள்ளிக்கெழம வெளக்கு நிக்கக் கூடாது. சும்மா போட்டுறாதீங்க. சும்மா கெடந்து கெடந்துதான் அது இப்படி ஆயிருச்சு."

வரும் வழியெல்லாம் விளக்கு என் மடியில் இருந்தது. மழை. ஹட்டன் நெருங்கும்போது மச்சான், "கேட்டியா மாப்ள, சும்மா போடக் கூடாதாம். எனக்கும் அதுக்கும் ஒரே நோக்கம்" என்றார்.

அடுத்த சில வாரங்கள்தான் எங்கள் நல்ல காலம். லொறி டியூபை வெட்டிச் சக்கர விளிம்புகளுக்கு ஒட்டினோம். கொழும்பிலிருந்து வாள் வரவழைத்தேன். இரவல் வாங்கிய தண்ணீர்ப் பம்பு எஞ்சினைப் பக்கத்தில் நிறுத்திப் பட்டி மாட்டினோம். ஆரக்கால்களில் அப்பியிருந்த குங்குமத்தை நான் மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கப் போனபோது அத்தை கையைத் தட்டிவிட்டார். அதனால் அது அப்படியே இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, லயமே சுற்றி நிற்க, மச்சான் எஞ்சினை இழுத்துவிட்டார். சக்கரம் மெல்லப் பிடித்து, வேகமெடுத்து, ஆரக்கால்கள் கலந்து ஒரே சாம்பல் வட்டமானபோது, வருடக்கணக்காய் அப்பிக் காய்ந்திருந்த குங்குமம் அவ்வளவும் கழன்று பறந்தது. நின்றிருந்த எல்லோர் முகத்திலும், துணியிலும், அத்தையின் லீக்ஸ் இலையிலும் சிவப்பு. மச்சான் அதே நேரத்தில் ஒரு கிராண்டிஸ் மரப் பலகையைக் கொடுத்தார். வெண்ணெயை அறுப்பதுபோல் அறுத்தது. திரும்பி என்னைப் பார்த்தார். சிவந்த முகத்தில் பல் மட்டும் வெள்ளையாய்ச் சிரித்த அந்தச் சிரிப்பை நான் வேறெந்த முகத்திலும் இன்றுவரை பார்க்கவில்லை. எங்களுக்குப் பின்னால் யாரோ ஒரு பெண் குலவை போட்டாள். பிறகு எல்லோரும் போட்டார்கள். ரோதமுனி நம்ம தோட்டத்துக்கு இறங்கிவிட்டார், முகத்துக்கு முகம் பொட்டு வைத்துவிட்டார் என்று அன்று மாலைக்குள் ஆறு லயத்துக்கும் சேதி போய்விட்டது. மச்சானுக்குப் பலகையின் வெட்டு முகத்தைத் தடவிப் பார்க்கவே நேரம் போதவில்லை, இதையெல்லாம் அவர் கவனிக்கவில்லை.

சத்தம் தோட்டத்துக் கந்தோருக்கும் போயிருந்தது. முதலில் வாச்சர் வந்து பார்த்தார், பிறகு வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா, பிறகு தோட்ட மனேஜரான துரையிடமிருந்து சொல் வந்தது: தோட்டத்து மண்ணில் தனியார் பட்டறை கூடாது, மெசின்களை அப்புறப்படுத்த வேண்டும். காணிதான் கிடைக்கப்போகிறதே, அதுவரைக்கும் பொறுங்கள் என்று கேட்கப் போனோம். நான் ஆங்கிலத்தில் பேசினேன். எவ்வளவு பழைய வார்ப்பு, எத்தனை அரிய பொருள், நாலு பேருக்கு வேலை கொடுக்கும் என்றெல்லாம் அழகாகப் பேசினேன் என்றுதான் நினைக்கிறேன். துரையும் நன்றாகக் கேட்டார். குடிக்கப் பிளேன்டி கொடுத்தார். காணி விசயம் மேலிடத்தில் நிற்கிறது, தன் கையில் இல்லை என்றார். பொய்யில்லை. வெளியே வந்தபோது மச்சான் என்னிடம், நான் அவரிடம் என்ன சொன்னேன் என்று கேட்டார். தமிழில் திருப்பிச் சொல்லும்போது எனக்கே அது சின்னதாய்க் கேட்டது. அந்த மழைக்காலத்தில் சரிவு வழுகி மூன்று முளைகள் மண்ணோடு போயின. நாலாவது மட்டும் நின்றது. யாரும் திரும்ப அளக்க வரவில்லை.

கொண்டுபோய் வைக்க வேறு இடமில்லை. இழைப்பு மெசினையும் கடைசல் மெசினையும் வெட்ட வேறு ஆள் வரவேண்டாம் என்று மச்சான் சொல்லிவிட்டார். அவரே கேஸ் கட்டரைப் பிடித்தார். வார்ப்பிரும்பு நேராக வெட்டுப்படாது. சிந்தும், கொப்பளிக்கும், கடைசியில் சம்மட்டியால்தான் உடைக்க வேண்டும். நல்லதண்ணியில் நான் தடவிய அந்த மட்டமான மேடை மூன்று துண்டாய் விழுந்தது. நான் கோடியில் நின்றேன். "போ மாப்ள, அங்கிட்டுப் போய் நில்லு. பொறி படும்" என்றார். பொறி அவ்வளவு தூரம் வராது என்பது இருவருக்கும் தெரியும்.

பட்டைவாள் முறை வந்தபோது தோட்டத் தலைவர் வந்தார். தொழிற்சங்கத்தில் பழுத்த ஆள். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு மெசினைச் சுற்றி வந்தவர் வழி சொன்னார்: "என்னாத்துக்கு வெட்டுற? கோயில்னு சொல்லிரு. இந்த மலையில நம்ம ஆளு வச்ச எதையும் புடுங்குவாங்க, கோயில் மேல மட்டும் கைய வைக்க மாட்டாங்க. அதான் ஏற்கெனவே சாமியாச்சே."

உண்மைதான். எங்கள் ஆட்களுக்கு இந்த மண்ணில் பெயர்க்க முடியாமல் நிற்பது சாமி ஒன்றுதான். ஒரு கல்லை நட்டு மஞ்சள் பூசினால் ரோடுகூட வளைந்து போகும். ஆனால் சாமி என்று சொன்ன பிறகு அதில் பட்டி மாட்டிப் பலகை அறுக்க முடியாது. மெசின் என்றால் போக வேண்டும், இருக்க வேண்டுமென்றால் ஓடக் கூடாது. தலைவர் இதை ஒரு யோசனையாகத்தான் சொன்னார். மச்சான் கேட்டுக்கொண்டிருந்த விதத்தைப் பார்த்தபோது, அவருக்கு முன்னால் தண்டனையைப் படிப்பது போலிருந்தது. மூன்று நாலு நாள் வேலைக்குப் போகவில்லை. அத்தை மட்டும், மஸ்கெலியா அக்காவுக்குக் கொடுத்த வாக்கு என்று இடைக்கிடை முணுமுணுத்தார். வெட்டினால் வாக்குப் போச்சு. விட்டால் பட்டறை போச்சு.

வெள்ளிக்கிழமை காலையில் அவரே வாளைக் கழற்றினார். சுருட்டி, எண்ணெய்த் துணியில் பொதிந்து, காம்பராவின் பரணில் செருகினார். காணி வரட்டும், அன்றைக்குத் திரும்பப் பூக்கட்டிக் கேட்போம், வெள்ளை தராமலா போகும் என்றார். அவர் நம்பித்தான் சொன்னார். நானும் நம்பினேன், அந்த வயதில் எதைத்தான் நம்பவில்லை? தலைவர் நாலு தகரம் கொண்டுவந்து கூரை போட்டார். யாரோ சூலம் நட்டார்கள். கந்தோரிலிருந்து அதன் பிறகு ஒருவரும் வரவில்லை. ஆடியில் பூசை வைத்தபோது கண்டாக்கையாவே வந்து திருநீறு பூசிக்கொண்டு போனார்.

பட்டறை இல்லாத மச்சானுக்குத் திரும்ப கேஸ் கட்டரைப் பிடிக்க மனம் வரவில்லை. ஏஜென்சிக்காரன் ஒருவன் மூலம் வெளிநாட்டுக்குப் போனார், மலேசியாவில் ஒரு தளபாடத் தொழிற்சாலைக்கு. அங்கிருந்து வீடியோ எடுத்துக் காட்டுவார். கண்ணாடிக் கூண்டுக்குள் கம்பியூட்டர் மெசின் தானாக மரத்தை எடுத்து, தானாக அறுத்து, தானாக அடுக்குகிறது. இவர் வெளியே நின்று பச்சைப் பொத்தானை அழுத்துகிறார். "நல்ல மெசின் மாப்ள. தொடக்கூட விடுறதில்ல" என்றார் ஒருதரம். கூடத் தங்கியிருக்கும் அறைக்காரர்கள் சிரிக்கும் சத்தம் பின்னால் கேட்டது. ஆரம்பத்தில் காணியைப் பற்றிக் கேட்பார். பிறகு வெள்ளிக்கிழமை விளக்கைப் பற்றி மட்டும் கேட்டார். இப்போது அதுவும் இல்லை. ஒப்பந்தம் முடிந்ததும் வருவேன் என்றவர், இன்னொரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். நானும் கொழும்பில் ஃபோன் கோபுரங்களுக்கு ஜெனரேட்டர் பார்க்கிற வேலையில் இருக்கிறேன். பழைய மெசின் எங்கே இருக்கிறது என்று எனக்குச் சொல்ல இப்போது ஆள் இல்லை. முதலாளி வேறு டிரைவர் வைத்துக்கொண்டார், அவனுக்கு இரும்பு இரும்புதான்.

போன தைப்பொங்கலுக்கு ஊர் போயிருந்தேன். லயத்துக் கோடியில் தகரக் கூரை இப்போது அஸ்பெஸ்டஸ் சீற்றுக் கூரையாகி, தரைக்கு டைல்ஸ் வந்திருக்கிறது. மெசினுக்கு மேலிருந்து கீழ்வரை மஞ்சள் பெயின்ட், ஆரக்காலுக்கு ஆரக்கால் குங்குமப் பொட்டு. எங்கள் சேகரிப்பில் பிழைத்தது அது ஒன்றுதான். அதன் வார்ப்பில் ஒரு வெடிப்பில்லை, உற்பத்தியாளர் பெயர்கூடப் பெயின்டுக்கு அடியில் முழுதாய் இருக்கிறது. அந்த வீடியோ வெள்ளைக்காரர்கள் பார்த்தால் கண்ணீர் விடுவார்கள். அத்தை விளக்குத் திரியை நிமிண்டிக்கொண்டிருந்தார். அவர் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் நான் மேல்சக்கரத்தின் ஆரக்காலில் சுட்டுவிரலை வைத்தேன். அசையவில்லை. இன்னும் அழுத்தினேன். குனிந்து பார்த்தேன். சக்கரத்துக்கும் மெசினின் உடம்புக்கும் இடையில், நடுக்குடத்தைச் சுற்றி, சீமெந்து.

பிள்ளைகள் பிடித்துச் சுற்றி விளையாடினார்களாம். காற்றடிக்கும் நாளில் தானாகவும் சுற்றியதாம். சாமியைச் சுற்றவிடலாமா என்று தலைவர்தான் கலவை போடச் சொன்னாராம். அத்தை ஒரு வருத்தமும் இல்லாமல் இதைச் சொன்னார். மச்சானுக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"சொல்லல. நீயும் சொல்லிறாத. வாளு இன்னும் பரண்லதான் இருக்கு. அவன் வந்து கேட்டா எடுத்துக் குடுக்கணும்ல." திரியைத் தூண்டிவிட்டு என் காலைப் பார்த்தார். "மொதல்ல செருப்ப கழட்டு."

கழற்றிவிட்டு வந்து நின்றேன். விரல் நுனியில் சிவப்பு ஒட்டியிருந்தது. அன்றைக்கு ஒரு லயத்தின் முகம் முழுவதும் பறந்த சிவப்பு, இப்போது ஒரு விரல் நுனி அளவுக்கு. துடைக்க இடம் தேடினேன். அத்தை பார்த்துக்கொண்டிருந்ததால் நெற்றியில் வைத்துக்கொண்டேன்.